நோட்ஸ் ஆப்ல தமிழ் ஏன் நெருக்கியடிச்சுத் தெரியுது? அப்சிடியன்ல அதைச் சரி பண்ற வழி

இந்த எபிசோட்ல நோட்ஸ் ஆப் பத்திப் பேசப்போறோம். எந்த ஆப் பெஸ்ட்ங்கிற பட்டிமன்றம் கிடையாது. எழுதி வெச்ச நோட்ஸ் நம்ம கண்ணுக்கு எப்படித் தெரியணும், அதை நாமளே எப்படி மாத்திக்கலாம், அதுதான் விஷயம்.

"ஃபான்டும் கலரும் மாத்துறதுக்கு ஒரு முழு எபிசோடா?"ன்னு நீங்க கேட்கலாம். எனக்கு இது முக்கியமாப் படறதுக்குக் காரணம் இருக்கு. நம்மள்ல நிறைய பேர் தமிழ்ல யோசிச்சுட்டு இங்கிலீஷ்ல நோட்ஸ் எடுக்கிறோம். தமிழ்ல டைப் பண்றது இப்போ பெரிய கஷ்டமே இல்ல, போன்லயே கீபோர்டு இருக்கு. ஆனா டைப் பண்ணி வெச்சதை ஒரு வாரம் கழிச்சுத் திறந்தா, வரி மேல வரி ஏறி நிக்குது, தலைப்பு எது, விஷயம் எதுன்னு தெரியல. கண்ணு அதைத் தாண்டிப் போயிடுது. திரும்பப் படிக்காத நோட்ஸ் எழுதாத நோட்ஸுக்குச் சமம். அப்படியே மெல்ல மெல்ல இங்கிலீஷுக்குப் போயிடறோம்.

உதாரணத்துக்கு அப்சிடியன் ஆப்பை எடுத்துக்கிறேன். நான் தினமும் பயன்படுத்துறது அதுதான், தோற்றத்துல கை வைக்க அதிக இடம் கொடுக்கிறதும் அதுதான். இன்னொண்ணு: ஆடியோல கோட் வாசிச்சா யாருக்கும் புரியாது. அதனால எபிசோட்ல சொன்ன மாதிரியே இங்கேயும் எல்லாத்தையும் வார்த்தையிலயே சொல்லியிருக்கேன்.

முதல்ல ஒரு பழைய கதை: பாமினி

உங்க வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்லயோ, ஏதாவது டிடிபி சென்டர்லயோ பாமினி ஃபான்ட்ல அடிச்ச ஒரு ஃபைல் கிடைச்சா, அதை நோட்பேட்ல திறந்து பாருங்க. தமிழே இருக்காது. 'அம்மா'ன்னு அடிச்சிருந்தா உள்ள இருக்கிறது எம், கே, ஒரு செமிகோலன், மறுபடி கே, கடைசியா ஒரு ஹெச். அவ்வளவுதான். அந்த ஃபான்ட்ல எம்-க்கு உண்டான இடத்துல 'அ' படம் வரைஞ்சு வெச்சிருப்பாங்க. ஃபான்ட் இருந்தா அம்மா, இல்லேன்னா வெறும் குப்பை.

அதாவது எழுத்து எதுன்னு சொல்ற வேலையும், அது எப்படித் தெரியணும்னு சொல்ற வேலையும் ஃபான்ட் தலையிலயே விழுந்திருந்தது. அதனால ஃபான்ட் தொலைஞ்சப்போ உள்ளடக்கமும் சேர்ந்து தொலைஞ்சது. யுனிகோட் வந்து இந்த ரெண்டையும் பிரிச்சு வெச்சது. 1991-ல வந்த அதோட முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனா தமிழ்நாடு அரசு யுனிகோடை அதிகாரபூர்வமான தரமா அறிவிச்சது 2010-ல தான். நடுவுல இருந்த வருஷங்கள்ல ஆளுக்கொரு ஃபான்ட்ல அடிச்சு வெச்சதைத் திறக்கிறதுக்குத்தான் இன்னைக்கும் கன்வர்ட்டர் தேடிட்டிருக்கோம்.

இந்தக் கதையில இருந்து இன்னைக்கு நமக்கு வேண்டிய பாடம் ஒண்ணுதான்: தோற்றம் நோட்டுக்கு வெளியே இருக்கணும். இனி சொல்லப்போற ஒவ்வொண்ணும் இந்த ஒரு விதியில இருந்து வர்றதுதான்.

நோட் வேற, சட்டை வேற

அப்சிடியன் 2020-ல வந்தது. 1.0 பதிப்பு 2022 அக்டோபர்ல வெளியாச்சு. இதுல நீங்க எழுதுற ஒவ்வொரு நோட்டும் உங்க கம்ப்யூட்டர்ல ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். எழுதற முறைக்கு மார்க்டவுன்னு பேரு. ஜான் க்ரூபர் 2004-ல கொண்டு வந்தது. வரி முன்னாடி ஒரு ஹேஷ் குறி போட்டா தலைப்பு. ஒரு வார்த்தைக்கு ரெண்டு பக்கமும் ஒரு நட்சத்திரக் குறி போட்டா இட்டாலிக், ரெண்டு ரெண்டு போட்டா போல்டு.

இதுல ஒண்ணைக் கவனிங்க. ஃபைலுக்குள்ள "இது தலைப்பு"ன்னு மட்டும்தான் எழுதியிருக்கு. "இது 24 பாயின்ட், நீல நிறம்"னு எங்கேயும் எழுதல. அந்த முடிவை எடுக்கிறது வேற ஒரு ஃபைல், அதுதான் சிஎஸ்எஸ். நாம பிரவுசர்ல பார்க்கிற எல்லா இணையப் பக்கத்துக்கும் தோற்றம் கொடுக்கிற அதே மொழி. டெஸ்க்டாப் அப்சிடியன் எலெக்ட்ரான் மேல கட்டினது. அதாவது உள்ள ஓடுறது குரோம் பிரவுசரோட எஞ்சின். அதனால இணையப் பக்கத்துக்குச் செல்லுபடியாகிற சிஎஸ்எஸ் எல்லாம் உங்க நோட்ஸுக்கும் செல்லும்.

சிஎஸ்எஸ்ஸை ஹோக்கன் வியும் லீ 1994 அக்டோபர்ல முன்வெச்சப்போ, அவர் செர்ன் ஆய்வுக்கூடத்துல இருந்தார். அந்த முதல் வரைவுல எனக்குப் பிடிச்ச ஒரு யோசனை இருக்கு. பக்கத்தை எழுதினவருக்குத் தோற்றத்து மேல எவ்வளவு உரிமை, படிக்கிறவருக்கு எவ்வளவு உரிமைங்கிறதைச் சதவீதக் கணக்குல பிரிச்சுக்கலாம்னு அதுல இருந்தது. படிக்கிறவருக்கும் ஒரு பங்கு உண்டுங்கிறது தொடக்கத்துலயே இருந்த எண்ணம். நோட்ஸ் ஆப்ல எழுதறவரும் நாமதான், படிக்கிறவரும் நாமதான். அப்போ மொத்த உரிமையும் நம்மகிட்டதான் இருக்கணும்.

மூணு அடுக்கு

அப்சிடியன்ல தோற்றத்தை மாத்த மூணு அடுக்கு இருக்கு. கீழ இருந்து மேல போவோம்.

முதல் அடுக்கு செட்டிங்ஸ். அப்பியரன்ஸ் பக்கத்துக்குப் போனா டார்க்கா லைட்டா, ஆக்சென்ட் நிறம் எது, எழுத்து அளவு என்ன, எந்த ஃபான்ட்ங்கிறதெல்லாம் இருக்கும். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

ரெண்டாவது அடுக்கு தீம். யாரோ ஒருத்தர் முழுசா வடிவமைச்சுக் கொடுத்த சட்டை. ஒரு நேரத்துல ஒண்ணுதான் போட முடியும். தீம் செய்றவங்க பெரும்பாலும் ஆங்கிலத்தை வெச்சுத்தான் சரிபார்ப்பாங்க. அதனால ஸ்க்ரீன்ஷாட்ல அட்டகாசமா இருக்கிற தீம், நம்ம நோட்ஸுக்கு வந்ததும் தோள்பட்டை இறங்கின சட்டை மாதிரி நிக்கும்.

மூணாவது அடுக்கு ஸ்னிப்பெட். நாலஞ்சு வரி சிஎஸ்எஸ் எழுதின ஒரு சின்ன ஃபைல். எத்தனை வேணும்னாலும் வெச்சுக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் தனி ஸ்விட்ச். இதுதான் ஆல்டரேஷன் டெய்லர். சட்டையைத் தூக்கிப் போடாம, கை நீளத்தை மட்டும் குறைச்சுக்கலாம்.

செய்றது சுலபம். அப்பியரன்ஸ் பக்கத்தோட அடியில சிஎஸ்எஸ் ஸ்னிப்பெட்ஸ்னு ஒரு பகுதி இருக்கும். அங்கே இருக்கிற ஃபோல்டர் ஐகானை அழுத்தினா ஸ்னிப்பெட்ஸ் ஃபோல்டர் திறக்கும். அதுக்குள்ள ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்கி, சிஎஸ்எஸ்ங்கிற எக்ஸ்டென்ஷனோட சேவ் பண்ணுங்க. ஆப்புக்குத் திரும்பி ரீலோட் ஐகானை அழுத்தினா உங்க ஃபைல் பேர் தெரியும். ஸ்விட்சை ஆன் பண்ணுங்க. அதுக்கப்புறம் ஃபைலை மாத்தி சேவ் பண்ணினாலே போதும், நோட் உடனே மாறும். பிடிக்கலையா, ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க. நோட்டுக்கு ஒரு கீறல்கூட விழாது.

தமிழுக்கு என்னென்ன ஆல்டரேஷன் வேணும்?

*வரி இடைவெளி.* முதல்ல கை வைக்க வேண்டிய இடம் இது. அப்சிடியன்ல வழக்கமான லைன் ஹைட் 1.5. அதாவது எழுத்து அளவுல ஒன்றரை மடங்கு உயரம் ஒரு வரிக்கு. ஆங்கிலத்துக்கு இது தாராளம். தமிழ்ல 'கீ' மேல சுழிச்சு ஏறும், 'ழு' கீழ இறங்கும். மேல் வரியில ஒரு 'ழு', அதுக்கு நேர் கீழ ஒரு 'கீ' வந்தா ரெண்டும் பஸ்ல நிக்கிற மாதிரி இடிச்சுக்கிட்டு நிக்கும். பாடிங்கிற செலக்டருக்குள்ள, லைன் ஹைட் நார்மல்ங்கிற வேரியபிளுக்கு 1.75 கொடுத்துப் பாருங்க. ஒன்றே முக்கால். ஒரே ஒரு வரி கோட். மத்த எதையும் செய்யலேன்னாலும் இதை மட்டும் செய்யுங்க.

*ஃபான்ட்.* ஆங்கில ஃபான்ட்ல தமிழ் எழுத்து இருக்காது. அப்போ சிஸ்டம் தானே ஏதோ ஒரு தமிழ் ஃபான்டைத் தேடி எடுத்துப் போடும். விண்டோஸ்னா பெரும்பாலும் நிர்மலா யுஐ, மேக்னா தமிழ் சங்கம் எம்என். அந்தத் தேர்வை நாமளே செய்யலாம். செட்டிங்ஸ்ல டெக்ஸ்ட் ஃபான்ட்டுக்கு ஒண்ணுக்கு மேல பேர் கொடுக்கலாம். முதல்ல பிடிச்ச ஆங்கில ஃபான்ட், அடுத்தது தமிழ் ஃபான்ட். முதல் ஃபான்ட்ல இல்லாத எழுத்தை அடுத்ததுல தேடும். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை எல்லாமே இலவசமாக் கிடைக்கும். வரிசை மாறக் கூடாது. தமிழ் ஃபான்ட்லயும் ஆங்கில எழுத்துகள் இருக்கலாம். அதை முதல்ல வெச்சா, ஆங்கிலத்தையும் அதுவே எடுத்துக்கும்.

ரெண்டு மொழியும் கலந்து எழுதறவங்களுக்கு இன்னொரு சின்னத் தொல்லை உண்டு. ஒரே அளவு கொடுத்தாலும் தமிழ் பெருசா, ஆங்கிலம் சிறுசாத் தெரியும். சிஎஸ்எஸ்ல ஃபான்ட் ஃபேஸ்னு ஒரு விதி இருக்கு. அதுல யுனிகோட் ரேஞ்ச்னு சொல்லி, தமிழோட இடமான 0பி80-ல இருந்து 0பிஎஃப்எஃப் வரைக்கும் மட்டும் இந்த ஃபான்ட்னு வரையறுக்கலாம். கூடவே சைஸ் அட்ஜஸ்ட்ல 92 சதவீதம்னு கொடுத்தா தமிழ் மட்டும் கொஞ்சம் சுருங்கும். ரெண்டும் ஒரே வரியில சண்டை போடாம உட்காரும். 92 என் ஃபான்டுக்குச் சரியா இருந்த எண். உங்க ஃபான்டுக்கு நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க.

*இட்டாலிக்.* தமிழ் அச்சுல அழுத்தம் கொடுக்க எழுத்தைச் சாய்க்கிற பழக்கம் ஆங்கிலத்துல இருக்கிற அளவுக்கு வேரூன்றல. பெரும்பாலான தமிழ் ஃபான்ட்கள்ல இட்டாலிக் வடிவமும் கிடையாது. அப்போ பிரவுசர் என்ன செய்யும்? நேரா இருக்கிற எழுத்தை அப்படியே பிடிச்சுச் சாய்ச்சுடும். வட்டமான எழுத்துகள் எல்லாம் காத்துல சாஞ்ச வாழை மரமாட்டம் ஆயிடும். ஃபான்ட் சின்தெசிஸ் ஸ்டைல்ங்கிற ப்ராப்பர்ட்டிக்கு நன்னு கொடுங்க. நிஜமான இட்டாலிக் வடிவம் இருக்கிற ஆங்கிலம் சாயும், இல்லாத தமிழ் நேரா நிக்கும். ஆனா இப்போ தமிழ்ல அழுத்தம் கொடுத்த வார்த்தை எதுன்னு தெரியாதே? அதுக்கு இட்டாலிக் கலர்ங்கிற வேரியபிளுக்கு ஒரு நிறம் கொடுத்துடுங்க. சாய்வுக்குப் பதில் நிறம்.

*போல்டு.* இதுலயும் அதே கதை. போல்டு வடிவம் இல்லாத ஃபான்டுன்னா பிரவுசர் ஓரத்தைத் தடிமனாக்கும். 'ண', 'ஞ' மாதிரி எழுத்துகளோட உள்சுழி அடைஞ்சு மை ஊறின மாதிரி தெரியும். இதுக்கு சிஎஸ்எஸ் மருந்தைவிட, போல்டு வடிவம் உள்ள ஃபான்டைத் தேர்ந்தெடுக்கிறதுதான் சரியான வழி.

*தலைப்பு.* சில தீம்கள்ல சின்னத் தலைப்பை எல்லாம் கேப்பிடல் எழுத்தா மாத்தி வேறுபடுத்துவாங்க. தமிழ்ல கேப்பிடலே கிடையாது. அதனால அந்த வித்தியாசம் நமக்கு மாயமாயிடும், தலைப்பும் பத்தியும் ஒரே மாதிரி நிக்கும். ஹெச்1-ல இருந்து ஹெச்6 வரை ஒவ்வொண்ணுக்கும் அளவு, தடிமன், நிறம்னு தனித்தனி வேரியபிள் இருக்கு. முதல் மூணுக்கு மட்டும் தெளிவான வித்தியாசம் கொடுங்க. அதுக்கு மேல ஆழமாப் போற நோட்டை ரெண்டு நோட்டாப் பிரிக்கிறதே நல்லது.

*வரி நீளம்.* தமிழ்ல விகுதியும் வேற்றுமை உருபும் ஒட்டிக்கிட்டு வார்த்தை நீண்டுக்கிட்டே போகும். 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காக'ங்கிறது ஒரே வார்த்தை. போன் திரையில அதுக்கு ஒரு முழு வரியே வேணும். அதனால ரெண்டு ஓரமும் நேரா நிக்கிற மாதிரி ஜஸ்டிஃபை பண்ணாதீங்க, வார்த்தைக்கு நடுவுல பள்ளம் பள்ளமா விழும். இடப்பக்கம் மட்டும் சீரா இருந்தா போதும். கம்ப்யூட்டர்ல ரீடபிள் லைன் லெங்த்ங்கிற ஆப்ஷனை ஆன்லயே வெச்சிருங்க. அகலத்தை வழக்கமா 700 பிக்சல்ல நிறுத்தும். தமிழுக்குக் கொஞ்சம் கூட்டினாலும் நல்லா இருக்கும்.

எல்லா நோட்டுக்கும் ஒரே சட்டையா?

தேவையில்ல. நோட்டோட தலைப்பகுதியில ப்ராப்பர்ட்டீஸ்னு ஒரு இடம் இருக்கு. அங்கே சிஎஸ்எஸ் கிளாசஸ்ங்கிற பேர்ல ஒரு சொல்லைக் கொடுத்தா, அந்தச் சொல் இருக்கிற நோட்டுக்கு மட்டும் தனி விதி எழுதலாம்.

என்கிட்ட 'சமையல்'னு ஒரு கிளாஸ் இருக்கு. அம்மா போன்ல சொல்லச் சொல்ல எழுதின ரசம், வத்தக்குழம்புக் குறிப்பெல்லாம் அதுல வரும். அடுப்பு பக்கத்துல போனை வெச்சுட்டு ரெண்டடி தள்ளி நின்னு படிக்கணும். அதனால எழுத்து பெருசு, வரி இடைவெளி அதிகம், அளவுகள் எல்லாம் போல்டு. மீட்டிங் நோட்ஸுக்கு வேற கிளாஸ். அங்கே எழுத்து சிறுசு, ஆனா 'யார் செய்யணும்'ங்கிற வரி மட்டும் பளிச்சுன்னு தெரியும். ரெண்டும் ஒரே ஆப், ஒரே மார்க்டவுன். படிக்கிற இடம் வேறங்கிறதால தோற்றம் வேற.

செய்யக் கூடாதது

நோட்டுக்குள்ளேயே நிறத்தை எழுதறது. அப்சிடியன்ல நோட்டுக்கு நடுவுல ஹெச்டிஎம்எல் போடலாம். ஒரு வாக்கியத்தைச் சிவப்பாக்கணும்னா அங்கேயே டேக் போட்டுச் சிவப்பாக்கலாம். அன்னைக்குச் சுலபமா இருக்கும். ஆனா நூறு நோட்டுல அப்படிச் செஞ்சுட்டு, ஒரு நாள் டார்க் தீமுக்கு மாறினா அந்தச் சிவப்பு கண்ணைக் குத்தும். நூறு ஃபைலையும் திறந்து மாத்தணும். வேற ஆப்புக்குப் போனா டேக் எல்லாம் எழுத்துக்கு நடுவுல முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். இதுதான் புது வேஷத்துல வர்ற பாமினி. அதுக்குப் பதிலா ஹைலைட் குறியோ, கால்அவுட்டோ போடுங்க. "இது முக்கியம்"னு மட்டும் நோட்டுல இருக்கட்டும். முக்கியமானது எந்த நிறம்ங்கிறதை ஸ்னிப்பெட் பார்த்துக்கும்.

நிறம்னதும் இன்னொண்ணு. டார்க் பின்னணியில மங்கலான சாம்பல் எழுத்து ஸ்க்ரீன்ஷாட்ல ஸ்டைலா இருக்கும், ராத்திரி பதினோரு மணிக்குப் படிக்கும்போது கண்ணு வலிக்கும். இணையத்துக்கான அணுகல்தன்மை விதிகள்ல, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைஞ்சது 4.5-க்கு 1 வேறுபாடு வேணும்னு இருக்கு. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூணையும் சேர்த்து அழுத்தினா அப்சிடியன்லயும் டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். எழுத்தோட நிறத்தை கிளிக் பண்ணினா இந்த எண்ணை அதுவே காட்டும்.

வழக்கமா வர்ற மூணு கேள்வி

*ஸ்னிப்பெட் எழுதினேன், ஆனா ஒண்ணும் மாறலயே?* தீம்ல இருக்கிற விதி உங்களோடதைவிட துல்லியமா இருந்தா அதுதான் ஜெயிக்கும். டெவலப்பர் டூல்ஸ்ல அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தா, எந்த விதி ஜெயிச்சது, எது அடிபட்டுப் போச்சுன்னு தெரியும். உங்க செலக்டரையும் அதே அளவு துல்லியமா எழுதுங்க. இன்னொண்ணு, எடிட் பண்ற பார்வைக்கும் ரீடிங் பார்வைக்கும் உள்ள கிளாஸ் பேர்கள் வேற வேற. ரெண்டுலயும் பார்த்துச் சோதிங்க.

*போன்ல வருமா?* வரும். ஆனா ஸ்னிப்பெட் இருக்கிற ஃபோல்டர் பேர் புள்ளியில ஆரம்பிக்கிறதால அது மறைஞ்சிருக்கும். நீங்க சிங்க் பண்ற முறை அந்த ஃபோல்டரையும் எடுத்துட்டுப் போகுதான்னு பாருங்க. லேப்டாப்ல இன்ஸ்டால் பண்ணின ஃபான்ட் போன்ல இருக்காது. அதனால வரிசையோட கடைசியில சான்ஸ் செரிஃப்னு பொதுவா ஒண்ணு கொடுத்து வைங்க.

*நான் வேற ஆப் பயன்படுத்துறேன், எனக்கு என்ன?* லாக்சீக்ல கஸ்டம் சிஎஸ்எஸ் ஃபைல் இருக்கு, இதே யோசனைகள் அங்கேயும் செல்லும். நோஷன்ல ஒரு பக்கத்துக்கு மூணு எழுத்து பாணி, சின்ன எழுத்து, முழு அகலம்ங்கிற அளவுக்குத்தான் தேர்வு. அங்கே குட்டிப் பத்திகளா எழுதுங்க, தமிழுக்கு இட்டாலிக்கைத் தவிர்த்துட்டு போல்டு பயன்படுத்துங்க. பாதிப் பிரச்சினை அதுலயே தீரும்.

எங்கே நிறுத்தணும்?

இந்த வேலையில ஒரு போதை இருக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆரம்பிச்சா, சாயங்காலம் பன்னிரண்டு ஸ்னிப்பெட்டும், அழகான ஸ்க்ரீன்ஷாட்டும், பூஜ்யம் நோட்ஸும் இருக்கும். நான் வெச்சிருக்கிற கட்டுப்பாடு ஒண்ணுதான். மாத்துறதுக்கு முன்னாடி, படிக்கும்போது என்ன தொல்லைன்னு ஒரு வாக்கியத்துல எழுதிடணும். "ரெண்டு வரி இடிச்சுக்குது", "தலைப்பு தனியாத் தெரியல" - இப்படி. அந்த வாக்கியத்தையே ஸ்னிப்பெட்டோட முதல் வரியில குறிப்பா வெச்சுடறேன். வாக்கியம் எழுத வரலேன்னா, அங்கே சரிபண்ண ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். உங்களோட ஒரு தமிழ் நோட்டை நோட்பேட்ல திறந்து பாருங்க. எந்த அலங்காரமும் இல்லாம அங்கே படிச்சா புரியுதா? புரிஞ்சா உங்க எழுத்து பத்திரமா இருக்கு. அப்புறம் அதே நோட்டை அப்சிடியன்ல திறந்து, வரி இடைவெளியை மட்டும் 1.75 ஆக்கிட்டு, மேல இருந்து கீழ வரை ஒரு தடவை படிங்க. முழுசாப் படிச்சு முடிச்சீங்களான்னு எனக்குச் சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல, தமிழ் நோட்ஸ்க்குள்ள தேடுறது ஏன் சொதப்புதுன்னு பேசலாம்.